எப்டாயின் சாப்பிடுபவருக்கு மருந்து ஆய்வில் இடமில்லையா?

கேள்வி: காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு 58 வயது. வாழ்நாளில் புகைபிடித்தவர் அல்லர். எங்கள் வீட்டிலும் அந்தப் பழக்கம் எவருக்கும் இல்லை. ஆயினும் நுரையீரலில் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டு, ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் மாற்றம் இருந்ததால் ஜெஃபிட்டினிப் 250 மில்லிகிராம் மாத்திரை தொடங்கப்பட்டது. பத்து மாதங்கள் நன்றாக இருந்தார். பிறகு கட்டி மீண்டும் வளரத் தொடங்கியது. ஜெஃபிட்டினிப்பைப் பயனிழக்கச் செய்யும் டி790எம் என்னும் மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தபோது இல்லை என்று முடிவு வந்தது. அதன்பின் கொடுத்த கீமோதெரபியும் இப்போது பலன் தருவதாகத் தெரியவில்லை.

இந்நிலையில், ஒரு புதிய மாத்திரைக்கான மருந்து ஆய்வு நடைபெறும் மருத்துவமனைக்கு எங்கள் மருத்துவரே கடிதம் கொடுத்து அனுப்பினார். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி. எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் அம்மா என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார்கள். அம்மாவுக்கு 19 ஆண்டுகளாக வலிப்பு நோய் உண்டு. எப்டாயின், அதாவது ஃபெனிட்டோயின், நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் சாப்பிடுகிறார். கடந்த ஆறு ஆண்டுகளில் ஒரு முறைகூட வலிப்பு வந்ததில்லை. அதைச் சொன்னதும் பேச்சு நின்றுவிட்டது. "சி.ஒய்.பி.3ஏ4 நொதியை வலுவாகத் தூண்டும் மருந்துகளை ஆய்வு மருந்து தொடங்குவதற்கு முந்தைய 21 நாட்களுக்குள் உட்கொண்டவர்கள்" என்று விலக்கு விதிகளில் ஒரு வரி இருப்பதாகவும், அதனால் சேர்த்துக்கொள்ள இயலாது என்றும் கூறி அனுப்பிவிட்டார்கள்.

புற்றுநோய்க்கான மாத்திரைக்கும் வலிப்பு மாத்திரைக்கும் என்ன தொடர்பு என்பது எனக்கு விளங்கவில்லை. இத்தனை ஆண்டுகள் பழகிய மருந்துதானே, மருத்துவர் நினைத்தால் விலக்கு அளிக்க முடியாதா? எங்கள் மாமா ஒருவர், "எப்டாயினைச் சொல்லாமல் விட்டிருந்தால் இந்நேரம் சேர்த்திருப்பார்கள்" என்று வருத்தப்படுகிறார். உண்மையைச் சொல்வதானால், அம்மா காலையில் சாப்பிடும் கேஸ் மாத்திரையையும், சளிக்காக அவ்வப்போது தேனில் குழைத்துச் சாப்பிடும் திரிகடுகு சூரணத்தையும் நாங்கள் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: ஆய்வு ஒருங்கிணைப்பாளர், கோவை

புற்றுநோய் மருந்து ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராகப் பணிபுரிகிறேன். நீங்கள் குறிப்பிடும் ஆய்வுக்கும் எனக்கும் தொடர்பில்லை. உங்கள் மாமா சொன்னதற்கு முதலில் பதில் கூறிவிடுகிறேன், ஏனெனில் இதே பேச்சை மாதம் ஒரு முறையாவது கேட்கிறேன். எப்டாயினை மறைத்துச் சேர்ந்திருந்தால் உங்கள் தாயாருக்கு அந்தப் புதிய மாத்திரை வேலை செய்யும் அளவுக்கு உடலில் தங்காமலே போயிருக்கக்கூடும். மருந்தின் பலன் கிடைக்காது. அதற்காகத் தாங்க வேண்டிய அலைச்சலும் இரத்தப் பரிசோதனைகளும் பக்கவிளைவுகளும் மட்டும் மிஞ்சும். மருந்து பலிக்கவில்லை என்று ஆய்விலிருந்து வெளியேற்றுவார்கள். மறுபடி அதே மருந்துக்கு வாய்ப்பு இருக்காது. ஆகவே நீங்கள் சொன்னதே சரி. சொல்லாமல் விட்ட கேஸ் மாத்திரையையும் சூரணத்தையும் அடுத்த முறை அவசியம் சொல்லுங்கள். அனுபவத்தில் நான் மருந்துப் பெயர்களைக் கேட்பதில்லை; வீட்டில் இருக்கும் மாத்திரைப் பை, டப்பா, பொட்டலம் அனைத்தையும் அப்படியே எடுத்துவரச் சொல்வேன். கேள்விக்குப் பதிலாக வராதவை எல்லாம் பையிலிருந்து வரும்.

விலக்கு அளிக்க முடியாதா என்றால், முடியாது. ஆய்வு நெறிமுறையில், அதாவது ஆய்வை எப்படி நடத்துவது என்ற எழுத்துத் திட்டத்தில், உள்ள தகுதி விதியை ஒரு நோயாளிக்காகத் தளர்த்தும் அதிகாரம் ஆய்வு மருத்துவருக்குக் கிடையாது. விதியை மாற்ற வேண்டுமானால் ஆய்வை நடத்தும் நிறுவனம் நெறிமுறையையே திருத்தி, அத்திருத்தம் அறநெறிக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். இது பிடிவாதம்போலத் தோன்றலாம். ஆனால் இன்று இரக்கத்தால் தளர்த்தப்படும் விதி நாளை எண்ணிக்கையை நிரப்புவதற்காகத் தளர்த்தப்படும்.

இருந்தாலும் அவர்கள் உங்களிடம் சொன்ன வரியை நீங்கள் முழுமையாக வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். "21 நாட்களுக்குள் உட்கொண்டவர்கள்" என்றுதான் அதில் இருக்கிறது. "எக்காலத்திலும் உட்கொண்டவர்கள்" என்று இல்லை. வலிப்பு நோய் தனி விலக்காக எழுதப்பட்டிருக்கிறதா, மருந்து மட்டும்தான் தடையா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகள் தொடங்குமுன்பே சி.டி.ஆர்.ஐ. எனப்படும் தேசியப் பதிவேட்டில் பதிவு செய்யப்பட வேண்டும். 2009 ஜூன் மாதம் முதல் அது கட்டாயம். தகுதி விதிகளும் விலக்கு விதிகளும் அங்கே எவரும் வாசிக்கும்படி இருக்கும், சில சமயம் சுருக்கமாக. மருந்து மட்டுமே தடை என்றால், மாற்று மருந்துக்கு மாறிய பின் மறுபடி ஸ்க்ரீனிங், அதாவது தகுதிப் பரிசோதனை, செய்ய அந்த நெறிமுறை இடம் தருகிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு முறை இடம் தருவார்கள்.

மறுமொழி: மருந்தியல் பயிற்றுநர்

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். தொடர்பு என்ன என்று கேட்டீர்கள். அதை மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஈரலிலும் குடலிலும் உள்ள சி.ஒய்.பி.3ஏ4 என்னும் நொதி, இன்று புழக்கத்தில் உள்ள மருந்துகளில் ஏறத்தாழப் பாதியைச் சிதைத்து வெளியேற்றும் பணியைச் செய்கிறது. புற்றுநோய்க்கான மாத்திரைகளில் பெரும்பாலானவை இந்த வழியாகத்தான் போகின்றன. ஏரியில் நீர் எவ்வளவு நிற்கும் என்பது வரத்தைப் பொறுத்தது மட்டுமன்று, எத்தனை மதகுகள் திறந்திருக்கின்றன என்பதையும் பொறுத்தது அல்லவா? ஃபெனிட்டோயின், கார்பமாஸெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை ஈரலைத் தூண்டி இந்த நொதியைக் கூடுதலாக உற்பத்தி செய்ய வைக்கின்றன, அதாவது புதிய மதகுகளைக் கட்டிவிடுகின்றன. எனவே அதே அளவு மாத்திரை சாப்பிட்டாலும் இரத்தத்தில் நிற்கும் அளவு சரிந்துவிடுகிறது. 2024 மே மாதம் இறுதி செய்யப்பட்ட ஐ.சி.எச். எம்12 என்னும் பன்னாட்டு வழிகாட்டுதலின்படி, இந்த நொதியை நம்பியிருக்கும் மருந்தொன்றின் இரத்த அளவை 80 விழுக்காடோ அதற்கு மேலோ குறைக்கும் மருந்துதான் "வலுவான தூண்டி" எனப்படுகிறது. ஃபெனிட்டோயின் அந்த வகையைச் சேர்ந்தது.

21 நாட்கள் ஏன் என்பதும் இதிலேயே இருக்கிறது. ஒரு மருந்து உடலைவிட்டு நீங்க அதன் அரை ஆயுட்காலத்தைப்போல் (அளவு பாதியாகக் குறையும் நேரத்தைப்போல்) ஐந்து மடங்கு நேரம் ஆகும் என்பது பொதுக் கணக்கு. அதற்குள் ஏறத்தாழ 97 விழுக்காடு போய்விடும். ஃபெனிட்டோயின் அந்தக் கணக்கில் சில நாட்களில் நீங்கிவிடும். ஆனால் அது கட்டிவைத்த மதகுகள் உடனே மூடிக்கொள்வதில்லை. கூடுதலாக உருவான நொதி தானாகச் சிதைந்து பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு வாரங்களுக்கு மேல் ஆகலாம். அதனால்தான் பல நெறிமுறைகளில் இரண்டு முதல் நான்கு வாரம் வரை இடைவெளி கேட்கிறார்கள்.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. இத்தகைய விதிகளுக்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மாத்திரைக்கு அமெரிக்காவில் 1985இல் அனுமதி கிடைத்தது. தூக்கம் வராத ஒவ்வாமை மாத்திரை என்று உலகெங்கும் விற்றது. இந்த நொதியைத் தடுக்கும் கீட்டோகோனசோலையோ எரித்ரோமைசினையோ அதனுடன் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு மாத்திரை சிதையாமல் இரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பு தாறுமாறாகி, சிலர் இறந்தும் போனார்கள். 1998இல் அங்கே அது சந்தையிலிருந்து நீங்கியது. உடலில் டெர்ஃபெனடின் சிதைந்து உண்டாகும் ஃபெக்ஸோஃபெனடினுக்கு அந்த ஆபத்து இல்லை என்பதால், இன்று நம் மருந்துக் கடைகளில் கிடைப்பது அதுதான்.

இப்போது உங்கள் தாயாரைப் பற்றி. எப்டாயினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஒரு வேளைகூட. திடீரென நிறுத்தினால் விடாமல் தொடரும் வலிப்பு வரக்கூடும். அது உயிருக்கே ஆபத்தானது. ஆனால் இந்த நொதியைத் தூண்டாத வலிப்பு மருந்துகள் இருக்கின்றன. லெவெடிராசெட்டம் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாக மாற்றமின்றி வெளியேறுவது. ஆய்வுகளில் இருப்பவர்களுக்கு நரம்பியல் மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் யோசிப்பது அதைத்தான். புதியதை ஏற்றி, பழையதைப் படிப்படியாக இறக்கும் இந்த வேலைக்கு வாரங்கள் ஆகும். சிலருக்கு எரிச்சலும் மனச்சோர்வும் வருவதுண்டு என்பதால் வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஆறு ஆண்டுகளாக வலிப்பே வராதவருக்கு மருந்தை மாற்றலாமா என்பதை நரம்பியல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் பரவும் இயல்புடையது என்பதால், எம்.ஆர்.ஐ. பார்க்காமல் அவரும் முடிவு சொல்ல மாட்டார்.

கேஸ் மாத்திரை சிறு விஷயமன்று. இவ்வகைப் புற்றுநோய் மாத்திரைகளில் சில, இரைப்பையில் அமிலம் இருந்தால்தான் கரையும். பான்டோபிரசோல் போன்றவை அமிலத்தைக் குறைத்தால் குடல் அவற்றை முழுமையாக உறிஞ்சாது. திரிகடுகில் இருப்பவை சுக்கு, மிளகு, திப்பிலி. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், ஆய்வகச் சோதனைகளில் இதே நொதியைத் தடுப்பதாகக் காணப்பட்டுள்ளது. ரசத்தில் சேரும் மிளகுக்கு நான் அஞ்ச மாட்டேன். சூரணமாகத் தினமும் சாப்பிடுவது வேறு.

எழுதலாமா என்று தயங்கிய ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஜெஃபிட்டினிப்பும் இதே நொதியின் வழியாகச் சிதைவதுதான். ரிஃபாம்பிசினோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது அதன் இரத்த அளவு 83 விழுக்காடு குறைந்தது. வலுவான தூண்டி ஒன்றைத் தவிர்க்க முடியாதவருக்கு, கடுமையான பக்கவிளைவுகள் இல்லையெனில் 250க்குப் பதிலாக 500 மில்லிகிராம் கொடுக்கலாம் என்று அம்மருந்தின் அமெரிக்கக் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. உங்கள் தாயாருக்கு அந்தப் பத்து மாதங்களில் எந்த அளவு கொடுக்கப்பட்டது, எப்டாயின் பற்றி அப்போது பேசப்பட்டதா என்பதைப் பழைய சீட்டுகளில் பாருங்கள். இனி எந்த மாத்திரை தொடங்கினாலும், ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், இந்தக் கேள்வி மறுபடி எழும்.

காவிரிக்கரை

இருவருக்கும் நன்றி. நேற்றிரவு கோப்பு முழுவதையும் எடுத்துப் பார்த்தேன். தொடக்கம் முதல் இறுதிவரை 250 மில்லிகிராம்தான். வலிப்பு மருந்தை எங்கள் ஊர் மருத்துவர் எழுதுகிறார். புற்றுநோய் மருந்தை நகரத்தில் வேறொரு மருத்துவமனையில் எழுதினார்கள். அங்கே முதல் நாள் சீட்டில் "வலிப்பு நோய் உண்டு" என்று மட்டும் இருக்கிறது; எப்டாயின் பெயரே இல்லை. நாங்களும் தனியாகச் சொன்னதாக நினைவில்லை. அதனால்தான் நோய் மீண்டும் வளர்ந்ததா என்ற எண்ணம் விடியும்வரை தூங்க விடவில்லை.

மருந்தியல் பயிற்றுநர்

அப்படி முடிவு கட்ட இயலாது. பத்து மாதங்கள் நோய் கட்டுக்குள் இருந்ததே மருந்து ஓரளவு வேலை செய்தது என்பதற்குச் சான்று. அளவு சரியாக இருந்தவர்களுக்கும் இந்த மருந்து பெரும்பாலும் ஓராண்டை ஒட்டிப் பயனிழந்துவிடுகிறது. புற்றணுக்கள் புதிய வழிகளைக் கண்டுபிடித்துவிடுகின்றன. அளவு கூடியிருந்தால் இன்னும் சில மாதங்கள் கிடைத்திருக்குமா என்ற கேள்விக்கு இப்போது எவராலும் பதில் சொல்ல முடியாது. பழைய சீட்டுகளை ஆய்வு மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். முந்தைய மருந்து பயனிழந்தது எந்தச் சூழலில் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

மறுமொழி: ஓய்வுபெற்ற மருத்துவக் கல்லூரி ஆசிரியர்

இளையவர்கள் இருவரும் விதியின் நியாயத்தைச் சொன்னார்கள். அதன் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

மருந்துத் தடை வரிகள் எல்லாம் ஒரே காரணத்தால் எழுதப்படுவதில்லை. நோயாளியைக் காக்க எழுதப்படும் வரிகள் உண்டு. ஆய்வின் முடிவு வேறு மருந்தால் குழம்பிவிடாமல் இருக்க எழுதப்படும் வரிகள் உண்டு. முந்தைய நெறிமுறையில் இருந்தது என்பதற்காக அப்படியே பெயர்த்து எழுதப்படும் வரிகளும் உண்டு. அறநெறிக் குழு ஒன்றில் நான் இருந்த ஆண்டுகளில், மூன்றாம் வகையைக் கண்டால் "இது ஏன்" என்று கேட்பேன். பதில் வரப் பல வாரங்கள் ஆகும். பல சமயம் அந்த வரி மெல்ல மறைந்துவிடும்.

ஆய்வில் விலக்கப்பட்டவர்கள் உலகிலிருந்து விலகிவிடுவதில்லை. மருந்து அங்கீகாரம் பெற்ற மறுநாள் அதே மருந்து அவர்களுக்கும் எழுதப்படுகிறது. 1999இல் வெளியான ரேல்ஸ் ஆய்வு, கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களில், பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கும் நீர்பிரிப்பு மருந்தான ஸ்பைரோனோலாக்டோன் இறப்பை 30 விழுக்காடு குறைப்பதைக் காட்டியது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏற்கெனவே கூடியிருந்தவர்களும், சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்களும், பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் வேறு நீர்பிரிப்பு மருந்துகளைச் சாப்பிட்டவர்களும் அதில் சேர்க்கப்படவில்லை. ஆய்வில் சேர்ந்தவர்களின் இரத்தத்தையும் அடிக்கடி சோதித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே நடந்தது வேறு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஏ.சி.இ. தடுப்பு மருந்து சாப்பிடும் முதிய இதயச் செயலிழப்பு நோயாளிகளைப் பார்த்தபோது, பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994இல் ஆயிரத்துக்கு 2.4 என்றிருந்தது, 2001இல் ஆயிரத்துக்கு 11 ஆக உயர்ந்திருந்தது. விலக்கு விதி ஆய்வுக்குள் இருந்தவர்களைக் காத்தது. வெளியே இருந்தவர்களுக்கு அது எச்சரிக்கையாகக்கூடப் போய்ச் சேரவில்லை.

ஆகவே கேள்வி, விலக்குவதா சேர்ப்பதா என்பதோடு முடிவதில்லை. மூளைக் கட்டி ஆய்வுகளில் வலிப்பு மருந்து சாப்பிடாதவரைத் தேடினால் ஆய்வே நடக்காது என்பதால், நொதியைத் தூண்டும் மருந்து சாப்பிடுவோரைத் தனிப் பிரிவாக வைத்து, அவர்களுக்குரிய அளவைத் தனியே கண்டறிந்தார்கள். இரினோடெகான் என்னும் மருந்தில், அப்பிரிவினர் தாங்கக்கூடிய அளவு மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் என்று அப்படித்தான் தெரியவந்தது. உங்கள் தாயார் கேட்டுவந்த புதிய மாத்திரைக்கும், ஆரோக்கியமானவர்களிடம் ரிஃபாம்பிசினோடு சேர்த்து ஒரு சிறு சோதனை முடிந்த பிறகு, இந்தத் தடையைத் தளர்த்தி அளவை மாற்றிக் கொடுக்க வழி பிறக்கலாம். நுரையீரல் புற்றுநோய்க்கான ஓசிமெர்டினிப் மாத்திரைக்கு, நோயாளிகளிடமே நடத்திய சோதனைக்குப் பின், அத்தகைய வழி பிறந்தது. ரிஃபாம்பிசினோடு அதன் இரத்த அளவு 78 விழுக்காடு குறைவது தெரிந்த பிறகு, தூண்டியைத் தவிர்க்க முடியாதவர்களுக்கு 80க்குப் பதிலாக 160 மில்லிகிராம் என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது.

2021இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கமும் புற்றுநோய் ஆய்வு நண்பர்கள் அமைப்பும் இணைந்து, மருத்துவக் காரணம் தெளிவாக உள்ள மருந்துத் தடைகளை மட்டும் வைக்க வேண்டும் என்றும், நாட்கணக்கில் எழுதும் இடைவெளிகளைப் பெரும்பாலும் கைவிட வேண்டும் என்றும் பரிந்துரைத்தன. 2024 ஏப்ரலில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் இப்பொருளிலேயே ஒரு வரைவு வழிகாட்டுதலை வெளியிட்டது. நம் நாட்டுக்கு இது அவர்களுக்கு வேண்டியதைவிடக் கூடுதலாக வேண்டியது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். அவர்களில் பெரும்பாலோர் சாப்பிடுவது ரிஃபாம்பிசின். அரசு மருத்துவமனையில் விலையின்றிக் கிடைக்கும் பழைய வலிப்பு மருந்துகளில் பல, தூண்டிகளே. வேறு நாட்டு நோயாளியை மனத்தில் வைத்து எழுதிய ஒரு வரி, இங்கே வந்ததும் ஏழை நோயாளியையே தேடிப் பிடித்து விலக்குகிறது. உங்கள் தாயாரின் விஷயத்தில் அந்த வரி நியாயமானது என்றே நானும் கருதுகிறேன். எல்லோருடைய விஷயத்திலும் அப்படி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காவிரிக்கரை

ஐயா அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். ஆய்வு மருத்துவமனையில் மறுபடி கேட்டோம். வலிப்பு நோய் தனி விலக்காக இல்லை, மருந்து மட்டுமே தடை, ஒரு முறை மறு ஸ்க்ரீனிங் செய்யலாம் என்று எழுத்திலேயே கொடுத்தார்கள். எம்.ஆர்.ஐ.யில் மூளையில் பரவல் இல்லை. நரம்பியல் மருத்துவர் லெவெடிராசெட்டம் தொடங்கி, எப்டாயினைக் குறைத்துக்கொண்டு வருகிறார். தற்போது 100 மில்லிகிராமில் இருக்கிறது. அம்மாவுக்கு வலிப்பு வரவில்லை. கோபம் மட்டும் சற்றுக் கூடியிருக்கிறது, முக்கியமாக என்மீது.

கேஸ் மாத்திரையை மருத்துவர் நிறுத்திவிட்டார். சூரண டப்பாவை ஒருங்கிணைப்பாளர் சொன்னபடி பையோடு கொண்டுபோனோம்; அங்கிருந்தவர் பெயரையும் அளவையும் குறித்துக்கொண்டு, வேண்டாம் என்றார். கடைசி எப்டாயின் வரும் 18ஆம் தேதி. அதற்குப் பிறகு 21 நாட்கள் கழிய வேண்டும். பழைய ஸ்கேன் 28 நாட்களைத் தாண்டிவிடும் என்பதால் அதையும் மறுபடி எடுக்க வேண்டுமாம். அதுவரை ஆய்வில் இடம் காலியாக இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். தேதி வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.